வரம்பில் நடக்காத லொறி

எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஓ லெவல் வரை படித்தவன். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டதைத் தவிர பெரிதாக எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சலாம் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நிற்கிற ஆள், காகிதத்தில் இவ்வளவு கதைப்பதை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மச்சானிடம் நேரே சொல்லிப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். புத்தளம் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். எங்கள் சின்ன லொறி அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. ஓட்டுவது நான். கல்பிட்டி வீதியில் ஒரு ஹாஜியாரின் உப்பளம் இருக்கிறது. அங்கிருந்து ஸ்டோருக்கு உப்பு ஏற்றுவதுதான் லொறியின் வேலை. எங்கள் வீட்டுச் சோறும் அதுதான்.

போன வருஷம் உப்பு வாரும் காலம் நெருங்கும்போது எஞ்சின் நீலப் புகை தள்ளத் தொடங்கியது. ஒயிலையும் குடித்தது. ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு, மழைக்கு முன் உப்பு முழுவதும் ஸ்டோருக்குள் போய்விட வேண்டும் என்றார். லொறி சரிவராவிட்டால் வேலையை ட்ரக்டர்காரருக்குக் கொடுப்பேன், கொடுத்த பிறகு திருப்பிக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உப்பளத்தில் ஏற்றுகிற முறையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. பாத்திகளுக்கு நடுவே உள்ள வரம்பு ஒரு லொறியின் அகலம்தான் இருக்கும். மேலே காய்ந்து கல்லுப்போலத் தெரியும், கீழே ஈரம். பாரத்தோடு நின்றால் டயர் இறங்கிவிடும். அதனால் லொறி நிற்பதே இல்லை. ஒரு முனையால் ஏறி மறுமுனையால் இறங்கும் வரை ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். ஏற்றுகிறவர்கள் பக்கத்தில் நடந்தபடி உப்புப் பைகளை ஆளுக்கொரு முனையில் பிடித்து ஆட்டி உள்ளே எறிவார்கள். சாரதிக்கு அங்கே வேகம் தேவையில்லை. முதல் கியரில் போட்டுவிட்டுக் காலை எடுத்தால், லொறி தன் பாட்டில் மூச்சு வாங்காமல் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

மதுரங்குளியில் ஒரு மெக்கானிக் பாஸின் கராஜுக்குப் போனோம். பாஸ் சிலாபத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இருக்கிற ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சினைப் பிரித்து, புதுப் பிஸ்டன், வேறு கேம் ஷாஃப்ட் எல்லாம் போட்டு, நன்றாகச் சுற்றி ஓடுகிற மாதிரிக் கட்டுவது. மற்றது, அதே கம்பனியின் இரண்டாயிரம் சிசி எஞ்சின் ஒன்று பழைய வாகனம் உடைக்கிற இடத்தில் கிடக்கிறது, அதை வாங்கிப் பொருத்துவது. செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்.

எனக்கு யோசிக்கவே தேவையில்லை. பெரிய சிலிண்டர் மெதுவாகச் சுற்றினாலும் இழுக்கும். சின்னது இழுக்க வேண்டுமென்றால் கத்திக்கொண்டு சுற்ற வேண்டும். வரம்பில் கத்த இடமில்லை.

மச்சான் போனை எடுத்து எதையோ காட்டினார். சின்ன எஞ்சினைக் கட்டினால் பழைய பெரியதை விடக் குதிரைவலு கூட வருமாம். பெரியது பாரம், முன் டயர் புதையும். பெற்றோல் குடிக்கும். எஞ்சின் நம்பர் மாறினால் பதிவுப் புத்தகத்தை மாற்றக் கொழும்புக்கு அலைய வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான கதைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்ட ஒரேயொரு கேள்விக்கு அதில் பதில் இல்லை.

"வரம்பில நடக்குமா மச்சான்?" என்றேன்.

"மெதுவாப் போறதுக்கு எஞ்சின் என்னத்துக்கு? காலைக் கொஞ்சம் தூக்கினாச் சரிதானே."

இதற்கு எங்கிருந்து தொடங்கி விளங்கப்படுத்துவது? பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே, சின்னதைச் சுற்ற விடுவதென்றால் பின் அச்சில் இருக்கிற பல்லுச் சக்கரத்தையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாகப் போகும்போது இழுவை இருக்காது என்றார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னார். அந்தப் பிறகு வரவேயில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். தம்பி படித்தவன், யோசித்துத்தான் சொல்லுவான் என்றாள். மச்சானும் என்னைப் போல ஓ லெவல்தான், கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றுதான் கூட. பிறகு அவளே, "என்னட்டச் சொல்லி என்ன? அங்க வெச்சுச் சொல்லியிரிக்கணும்" என்றாள். அதுவும் சரிதான்.

மச்சான் சொன்னபடியே சின்ன எஞ்சினைக் கட்டி முடித்தார்கள். மச்சான் தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். கல்பிட்டி வீதியில் வெறும் லொறி, நல்ல தார். இரண்டாவது கியரில் எஞ்சின் தையல் மெஷின்போலச் சீறியது. ஒரு பஸ்ஸை முந்தினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். புது ரிங் போட்ட எஞ்சினைக் கொஞ்ச நாளைக்கு இப்படி முறுக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். சிரித்தார். அப்படியே உப்பளத்துக்குப் போய், பாரம் ஏற்றி ஒரு தடவை வரம்பில் பார்ப்போம் என்றேன். புது எஞ்சினுக்கு இப்போதே பாரம் ஏற்றுவது நல்லதில்லை என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏற்றுகிற நாள் வந்தது. மச்சான் கடையைப் பூட்டிவிட்டுப் பார்க்க வந்திருந்தார். வரம்பில் ஏறி முதல் கியரில் காலை எடுத்தேன். லொறி குலுங்கி நிற்கப் பார்த்தது. எக்ஸிலேட்டரை மிதித்துக் கொஞ்சம் றேஸ் கொடுத்தால் பாய்ந்தது. நடுவில் எதுவும் இல்லை. கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. பைகள் கூடக் கூட அதுவும் ஏலாமல் போனது. ஏற்றுகிறவர்கள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் என்னைப் பார்த்து, "மாஸ்டர், நாங்க பின்னால ஓடுறதா, முன்னால இழுக்கிறதா? ஒண்டச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடாகியது.

மச்சான் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, றேஸ் கொடுங்க, இன்னும் கொடுங்க என்றார். கொடுத்தேன். கருகிய வாடை வந்தது. பாதி வரம்பில் எஞ்சின் கத்த, லொறி நின்றது. நின்றதும் பின் டயர்கள் இறங்கின, நான் எதிர்பார்த்ததை விட மெதுவாக, ஒரு மாடு படுக்கிற மாதிரி.

வரம்பின் ஓரம் உடைந்து பாத்திக்குள் மண் சரிந்தது. ஹாஜியார் குடையோடு நடந்து வந்தார். அவர் எதுவும் கேட்கும் முன்பே மச்சான் சொன்னார்:

"மச்சானுக்கு இந்த எஞ்சின் இன்னும் கை பழகல்ல, ஹாஜியார்."

இருபது வருஷமாக அந்த வரம்பில் ஓட்டுகிறேன். பைகளை இறக்கி, ட்ரக்டரைக் கொண்டுவந்து, லொறியை இறுகிய மண்ணுக்கு இழுத்த பிறகு, சாவியை மச்சானின் கையில் வைத்தேன்.

"கை பழகின ஆள் ஓட்டிக் காட்டுங்க," என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் அப்படிக் கதைத்தது எனக்கே புதிது.

ஓட்டினார். கொஞ்சப் பைகள்தான் ஏற்றியிருந்தோம். வரம்பில் ஏறும் முன்பே இரண்டு தரம் நின்றது. மூன்றாம் தரம் எஞ்சின் சீறியது, டயர் அசையவில்லை. கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. ஹாஜியார் வானத்தைப் பார்த்தார். தெற்கே கறுத்திருந்தது. "நான் சொன்னதுதான் தம்பி," என்று என்னிடம் சொல்லிவிட்டு ட்ரக்டர்காரரைக் கூப்பிட்டார்.

மச்சான் இறங்கி வந்து, "கிளட்ச் மட்டமான சாமான், மச்சான். எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

மறுநாள் ட்ரக்டர் ஹாஜியாரின் உப்பை ஏற்றியது. ஆள் குறைவாக இருந்ததால் நானும் கூலிக்குப் போய், அதன் பக்கத்தில் நடந்து பை எறிந்தேன். மச்சான் மதுரங்குளிக்குப் போய்ப் புதுக் கிளட்ச் பிளேட் வாங்கினார்.