இன்னும் கொஞ்சம் பின்னால

பழைய சைக்கிளைப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுப்பவர்களுக்கென்று சில சட்டங்கள் உண்டு. செயின் இருக்கும் பக்கம்தான் கேமராவைப் பார்க்க வேண்டும். பெடல் முன்னால் நீட்டி, தரைக்கு இணையாக இருக்க வேண்டும். டயரில் சேறு இருக்கலாம், கேரியரில் பிளாஸ்டிக் பை தொங்கக் கூடாது. ஸ்டாண்டு போட்டு எடுத்த படத்தை எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டால் அன்றோடு மரியாதை போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் ஆள் இருக்கவே கூடாது. வயதுக்கு வந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் ஆண்கள் கூடி உட்கார்ந்து இதையெல்லாம் முடிவு செய்தோம் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஸ்டாண்டும் இல்லை, ஆளும் இல்லை என்றால் சைக்கிள் எப்படி நிற்கும்? கைப்பிடிச் சுவர் உள்ள பாலமென்றால் சாய்த்துவிடலாம். மற்ற இடங்களில் ஒருவர் பின்பக்கமாக நின்று சீட்டைப் பிடித்துக்கொள்வார். வண்டி நிலைகொள்ளும் கணம் பார்த்துக் கையை விட்டுவிட்டுப் படத்துக்கு வெளியே விலகிப் போவார். கண்ணை மூடித் திறக்கும் நேரம் வண்டி தன்னந்தனியாக நிற்கும். அதற்குள் நான் எடுத்துவிட வேண்டும். சாயத் தொடங்கியதும் அவர் பாய்ந்து வந்து பிடித்துக்கொள்வார். எனக்கு அப்படிப் பிடித்துக் கொடுத்தவர் என் தங்கையின் கணவர்.

அவருக்கு எருத்தேன்பதியில் தென்னந்தோப்பும் கொஞ்சம் காய்கறி வெள்ளாமையும். பாலக்காட்டு டவுனில் ஆபீஸ் வேலை பார்க்கும் என் பங்குத் தோப்புக்கும் அவர்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கும். ஆனாலும் நான் கூப்பிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "எங்கூட்டுக்காரருக்கு ஊர்ப்பாலமெல்லாம் காட்டிக் குடுக்கறீங்க, எனக்குக் கோயமுத்தூரக்கூட காட்ட மாட்டேங்கறீங்க" என்று தங்கை சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் சிரிப்பேன்.

நான் அதிகம் படம் எடுத்த வண்டி அவருடைய அப்பாவினுடையது. இங்கிலாந்தில் செய்தது. கம்பி பிரேக், மூடிய செயின் கவர், முன்னால் டைனமோ லைட். மாட்டுச்சாளையில் கோணிப்பைகளுக்குப் பின்னால் கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே, "எடுத்துக்கங்க மச்சான், நீங்க வெச்சிருந்தா பளபளன்னு இருக்கும்" என்று கொடுத்துவிட்டார். துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, புது டயர் மாட்டினேன். பால்கேன் தாங்கும் அந்தப் பெரிய இரட்டைக்கால் ஸ்டாண்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். அது வண்டியின் அழகைக் கெடுத்தது.

"ஸ்டாண்டு இல்லாம இத எப்படீங்க நிறுத்தறது?" என்று கேட்டார்.

"நீங்க இருக்கீங்கல்ல மாப்ள" என்றேன். அதற்கும் சேர்ந்துதான் சிரித்தோம்.

வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு வண்டன்மேடு வரைக்கும் போயிருக்கிறோம். அங்கே ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, ஓடைமேல் ஒரு தொங்குபாலம். காலை வைத்தாலே ஆடும். அதில்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்று, ஆட்டம் அடங்கும் நொடி பார்த்துக் கையை விட்டார். படம் பிரமாதமாக வந்தது. குழுவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். வண்டி எப்படி நின்றது என்று ஒருவர் கேட்டதற்கு, அது பரம ரகசியம் என்று எழுதினேன். மாப்பிள்ளையிடம் காட்டியபோது, "பாருங்க, நான் இருந்த தடமே தெரியலீங்க" என்று பெருமைப்பட்டார். ஒரு தடவைகூட அவர் வண்டியைக் கீழே விழ விட்டதில்லை.

இந்த வருடம் முதல் மழை பெய்து விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலமடைப் பக்கம் ஒரு நெலம்பதிக்கு ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். ஆற்றின் குறுக்கே தரையோடு தரையாகப் போட்ட பாலத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். கைப்பிடிச் சுவர் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் அதன்மேலேயே ஓடும். அன்றைக்கு விரல் கனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. அந்தத் தண்ணீர்மேல் வண்டி தனியாக நிற்கும் படத்தை நான் பல மாதமாக மனதுக்குள் எடுத்து வைத்திருந்தேன்.

பாலத்தின் ஓரம் தெரிவதற்காக இரண்டு பக்கமும் குட்டையான கற்கள் நட்டிருப்பார்கள். வெள்ளையடித்த அந்தக் கற்கள் படத்தில் பல்லை இளித்துக்கொண்டு வந்து நிற்கும். நடுவில் ஓரிடத்தில் சில கற்கள் உடைந்து போயிருந்தன. அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவன் நான்தான். அங்கே பாதைக்குக் குறுக்காக வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் பின்சக்கரத்தின் பக்கம் நின்றார். அவருக்குப் பின்னால் ஓரம் எங்கே முடிகிறது என்று நான் பார்க்கவில்லை. தண்ணீர் ஓடியதால் பார்த்தாலும் தெரிந்திருக்காது என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

குத்தவைத்து உட்கார்ந்து கேமராவில் கண்ணை வைத்தேன். அவருடைய வேட்டி நுனி படத்தின் ஓரத்தில் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் பின்னால மாப்ள."

கையை விட்டார். பின்னால் போனார். வண்டி நின்றது. எடுத்துவிட்டேன். ஏதோ சறுக்கும் சத்தம் கேட்டது. கண்ணை எடுத்தபோது வண்டி மட்டும் இருந்தது, அதுவும் சாயத் தொடங்கியிருந்தது. எழுந்து ஓடினேன். ஓடிப் போய் வண்டியைப் பிடித்தேன்.

இதை எப்படி எழுதினாலும் அப்படித்தான் இருக்கிறது. யோசிக்க நேரமில்லை என்று சொல்லலாம். யோசிக்காமல் என் கால் எந்தப் பக்கம் ஓடியது என்பதுதான் என்னை வாட்டுகிறது. வண்டியைப் பிடித்து, ஹாண்டிலைத் தோளோடு அணைத்துக்கொண்ட பிறகுதான் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலி மாம்பழப் பெட்டிகளோடு வந்த ஒரு பிக்கப் நின்றது. டிரைவரும் கூட வந்தவரும் இறங்கி அவரைத் தூக்கிக் கொண்டுவந்தார்கள். நான் இரண்டு சைக்கிளையும் எங்கே ஏற்றுவது என்று பெட்டிகளுக்கு நடுவே இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆளெ ஆத்யம் கேற்று சேட்டா. சைக்கிள் பின்னெ எடுக்காம்" என்றார். ஆளை முதலில் ஏற்று, சைக்கிளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பின் தெரியாத ஒருவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் தோப்பில் மேடும் பள்ளமுமாக நாளெல்லாம் நடக்கிற பழைய கால் திரும்பி வருமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை அழுதுகொண்டே என்ன நடந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவரே சொல்லிவிட்டார்: "பாசி வழுக்கிருச்சு புள்ள. நாந்தான் பாக்காம ஓரத்துல நின்னுட்டேன்." அந்தப் பொய்யை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போனேன். மோட்டார் போட்டேன். தேங்காய் போடும் ஆட்களோடு நின்றேன். எனக்கு வேலை தெரியாததைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று இருந்தேன். படம் எப்படி வந்தது என்று அவர் கேட்டபோது, கை ஆடிவிட்டது, அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். யாரிடமும் காட்டவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் எடுத்துப் பார்ப்பேன். என்ன மனுஷன் நான் என்று தோன்றும். ஆனாலும் பார்ப்பேன்.

கட்டுப் பிரித்த வாரம், முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். தங்கை டீ கொண்டுவந்து கொண்டிருந்தாள்.

"மச்சான், அன்னைக்கு வண்டிக்கு அடி ஒண்ணும் படலைல்லீங்க?"

"படலீங்க மாப்ள."

"தெரியுமுங்க. கீழ கெடந்து பாத்தேன். நீங்க ஓடி வந்து புடிச்சீங்க. எங்கய்யன் வண்டி பொழச்சுதுன்னு அந்த வலியிலயும் நெனச்சேன்."

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். கொஞ்சம் இருந்திருந்தால் தேவலை, பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லிக் குனிந்திருப்பேன். ஒன்றும் இல்லை. இத்தனை பாலங்களில் தான் விழ விடாத அப்பாவின் வண்டியை, தான் இல்லாத அந்த நொடியில் நான் காப்பாற்றினேன் என்று மனசாரச் சந்தோஷப்பட்டார்.

தங்கை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்ப இவரு கீழ கெடந்தப்ப நீங்க வண்டியவாங்ண்ணா புடிச்சீங்க?"

"கைக்கு எது எட்டுதோ அதத்தான புள்ள புடிக்க முடியும்" என்றார் அவர்.

"நாங் கேட்டது எங்கண்ணன."

"ஆமா" என்றேன்.

கல் உடைந்த இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான், பின்னால் போகச் சொன்னதும் நான் என்று அதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

"செரி. டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அந்த வண்டியக் கொண்டாந்து இங்கயே நிறுத்தீருங்க. ஸ்டாண்டோட" என்றாள். 

பரணிலிருந்து ஸ்டாண்டை இறக்கி, துடைத்து, நானே மாட்டினேன். கொண்டுபோய் அவர்கள் வாசலில் நிறுத்தினேன். அவள் எதற்குக் கேட்டாள் என்று அடுத்த ஞாயிறு போனபோதுதான் தெரிந்தது. கைக்கோல் அவருக்குச் சரிப்படவில்லை. ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் சீட்டையும் பிடித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வாசலைச் சுற்றி நடந்து பழகிக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைப்பார், நிற்பார். வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வார். மறுபடி நாலு எட்டு.

காலை வெயில் தென்னை ஓலைகளுக்கு இடையில் இறங்கியிருந்தது. வண்டியின் செயின் பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. என் கை என்னைக் கேட்காமல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துவிட்டது.

அவர் பார்த்துவிட்டார்.

"பொறுங்க மச்சான், தள்ளிக்கறேன்" என்று ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, வண்டியை விட்டு விலகி, குதிகாலை ஊன்ற முடியாமல் முன்பாதத்தால் தத்தித் தத்திப் பின்னால் போக ஆரம்பித்தார்.

"வேண்டாம், நில்லுங்க மாப்ள. உங்களத்தான் எடுக்கறேன்."

அவரைத்தான் எடுக்க நினைத்தேனா, வண்டியையா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

"என்னைய எதுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து இன்னும் ஓர் எட்டு பின்னால் வைத்தார். நான் போனை இறக்கிவிட்டு அவரைப் பிடிக்கப் போனேன்.

தங்கை கதவோரம் நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"உடுங்ண்ணா. அவரே தள்ளிக்குவாரு, பழகிப்போச்சு. நீங்க வண்டியப் பாருங்க."