ஜீப்புக்கு வாங்கிய டிராக்டர் பேட்டரி

எண்பதுகளின் பின்பாதியில் நானும் என் மனைவியும் நிலத்தடி நீர் பார்த்துச் சொல்லும் வேலை செய்துவந்தோம். இருவரும் ஒரே கல்லூரியில் நிலவியல் படித்தவர்கள். கல்யாணமான பிறகும் அவள் என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். வேலை கொடுப்பவர்கள் முன்னால் மட்டும் ‘சார்’. மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. வாசலில், ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப்.

மழை சரியாகப் பெய்யாத வருடங்கள் அவை. ஜி.எஸ்.டி. சாலை நெடுக கூடுவாஞ்சேரி வரைக்கும் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். மனை வாங்கியவர்கள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள், கோழிப்பண்ணை வைத்தவர்கள் என்று எல்லோருக்கும் போர் போட வேண்டும். எந்த இடத்தில் போடுவது என்று தெரியாது. எங்களைக் கூப்பிடுவார்கள்.

வேலை இதுதான். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடிப்போம். வெளியே இருக்கும் இரண்டு கம்பிகள் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் விடுவோம். நடுவில் இருக்கும் இரண்டு கம்பிகளோடு மீட்டரை இணைத்து, மண் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்போம். காய்ந்த பாறை என்றால் அதிகம் தடுக்கும், எண் ஏறும். பாறையில் தண்ணீர் நிற்கும் வெடிப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகப் போய்விடும், எண் இறங்கும். கம்பிகளைத் தள்ளித்தள்ளி அடித்தால், நடுப்புள்ளிக்குக் கீழே இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும்.

அந்த மின்சாரம் ஜீப்பின் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். எஞ்சின் ஓடினால் மீட்டர் முள் நடுங்கும் என்பதால் வண்டியை நிறுத்திவிடுவோம். நாள் முழுக்க மண்ணுக்கு மின்சாரம் கொடுத்துக் களைத்த பேட்டரி, சாயங்காலம் டீசல் எஞ்சினையும் கிளப்ப வேண்டும். பல நாள் அது முடியாது. செல்ஃப் எடுக்காது. உழுத நிலத்திலும் ஏரிக்குள்ளும் ஜீப்பைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எடை தெரியும். இன்னொரு பேட்டரியைப் பின்னால் வைத்துக்கொண்டு போனோம். ஒரு வரப்பில் வண்டி ஏறி இறங்கியதில் அது கவிழ்ந்து, ஆசிட் வழிந்து, அவள் புடவைக் கரையில் கையகலத்துக்கு ஓட்டை. அந்த யோசனையை அத்தோடு விட்டோம்.

பிறகு ஒரு நாள், வண்டலூருக்கு உள்ளே ஒரு காய்ந்த ஏரியில், இருந்த ஒரே பேட்டரியும் மொத்தமாகப் போய்விட்டது. ஹாரன் கூட அடிக்கவில்லை. நடந்தே மெயின் ரோட்டுக்கு வந்தோம். மறுநாள் வாடகை பேட்டரி போட்டு வண்டியை மீட்டுக்கொண்டு, செத்ததைப் பின்னால் ஏற்றி, முடிச்சூர் சாலையில் இருந்த ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் அதை ஆட்டிப் பார்த்தார். உள்ளே என்னவோ கடகடத்தது.

“இன்னா சார், வாங்கி ரெண்டு வருசம்கூட ஆவலன்றீங்க. எங்கதான் ஓட்டறீங்க?”

“ஏரிக்குள்ள.”

“ஏரிக்குள்ள ஓட்டறதுக்கு படகு வாங்கணும் சார், ஜீப்பு எதுக்கு?” என்றார்.

என் மனைவி சிரிக்கவில்லை. “இதைத் திறந்து காட்டுவீங்களா?” என்று கேட்டாள்.

அந்தக் காலத்து பேட்டரிகளுக்கு மேலே தார் பூசி மூடியிருப்பார்கள். அவர் ஆசிட்டைக் கொட்டிவிட்டு, உளியைச் சூடாக்கித் தாரை வெட்டி, உள்ளிருந்த தகடுகளைக் கொத்தாகத் தூக்கினார். ஒரு தகடு ஊறிய பிஸ்கெட் மாதிரி உதிர்ந்து விழுந்தது. பெட்டியின் அடியில் கறுப்புச் சேறு.

“பாருங்க மேடம். வண்டி குதிக்கச் சொல்லோ பிளேட்டுல கீற மருந்து கொட்டிப் பூடும். அது அடில சேந்து, பிளேட்ட தொட்டுச்சுன்னா கதை முடிஞ்சிது.”

அவள் அந்தச் சேற்றின் பக்கத்தில் குந்திவிட்டாள். ஒரு குச்சியால் கிளறினாள்.

“லேப்ல கையில வெச்சுப் பாத்தோமே, ஈயக் கல்லு, பளபளன்னு. அதுதான் இது,” என்றாள் என்னிடம். “கல்லுலேர்ந்து எடுத்ததை ஆசிட்ல முக்கி வெச்சா, ஒரு எஞ்சினையே எழுப்பிவிடுது. பரீட்சையில சமன்பாடெல்லாம் எழுதினேன். ஆனா இப்பதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு.”

அதுவரை பேட்டரி என்றால் எனக்குத் தூக்கக் கனமான, கையைக் கறையாக்கும் ஒரு பெட்டி. அன்று நானும் அவள் பக்கத்தில் குனிந்து, சத்தமில்லாமல், அசையாமல் வேலை செய்துவந்த அந்தத் தகடுகளைப் பார்த்தேன். எங்கள் முரட்டுத்தனத்தை இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது என்று தோன்றியது.

கடைக்காரர் மூன்று பேட்டரிகளை எடுத்து வைத்தார். ஒன்று, உள்ளூரிலேயே செய்தது, விலை மலிவு. இன்னொன்று லாரிக்குப் போடுவது, பார்க்கவே பயமாக இருக்கும் அளவு. மூன்றாவது டிராக்டருக்குப் போடுவது. தகடுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தடிமன். நான் லாரி பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள், “மூணுலயும் ரெண்டு ரெண்டு ஹெட்லைட் பல்பு மாட்டி எரிய விடுங்க. சாயங்காலம் வந்து எது வண்டிய ஸ்டார்ட் பண்ணுதுன்னு பாக்கறோம்,” என்றாள்.

“இன்னா மேடம், நாள் பூரா பல்பு எரிச்சா எவன் பேட்டரி விக்கிறது? மாடு வாங்கறவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்.”

“மாட்டுக்கு வாய் இருக்கு, முடியலன்னா கத்தும். இது நடுக்காட்டுல போய்தான் சொல்லும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மனைவி பக்கம் கை காட்டினேன். முனகிக்கொண்டே பல்புகளை மாட்டினார். ஆனால் மத்தியானம் நான் அந்தப் பக்கமாகப் போனபோது, டீக்கடையிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்து காட்டிக்கொண்டிருந்தார். பந்தயம் மாதிரி ஆகியிருந்தது.

சாயங்காலம் மலிவு பேட்டரியின் பல்புகள் சிவந்து அழுதுவடிந்தன. மற்ற இரண்டும் வெள்ளையாக எரிந்தன. லாரி பேட்டரி வண்டியை எழுப்பியது. ஆனால் ஜீப்பின் தட்டில் உட்காரவில்லை, நாலு விரல் வெளியே தொங்கியது. “கயிறு போட்டுக் கட்டிக்கலாம்,” என்றேன்.

“கட்டினா ஆடும். ஆடினா கொட்டும்,” என்றாள் அவள்.

டிராக்டர் பேட்டரி தட்டில் அளவாகப் போய் அமர்ந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் கையைத் தட்டினார். “உழற வண்டிக்குப் போடறது மேடம், குலுக்கல்லாம் அதுக்குத் தாலாட்டு,” என்று சொல்லி, அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து, க்ளாம்பை முறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த பங்குனியில் சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊருக்கு உள்ளே, ஏரிக்கரையைத் தாண்டி, கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் விடுதி ஒன்றுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே இரண்டு போர் போட்டு இரண்டும் புழுதிதான். லாரித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார்கள். தலைமை சிஸ்டர் எங்களை வளாகம் முழுக்கச் சுற்றிக் காட்டி, “எங்கயாவது ஒரு இடம் சொல்லுங்க சார், போதும்,” என்றார்.

நானும் தோட்டக்காரரும் கம்பி அடித்தோம். அவள் குடைக்குக் கீழே மீட்டரோடு உட்கார்ந்து எண்களைக் கத்திச் சொன்னாள். ஏறிக்கொண்டே போனது. கம்பியைத் தள்ளி அடித்தோம், இன்னும் ஏறியது. பழைய பேட்டரி இருந்த நாட்களில் இந்தக் கட்டத்தில் முள் தள்ளாட ஆரம்பிக்கும். தோராயமாக ஒன்றைச் சொல்லிவிட்டு மூட்டை கட்டுவோம். இப்போது முள் அசையாமல் நின்றது. எனவே நிறுத்தவில்லை. வெளிக் கம்பி காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் பக்கத்துத் தரிசுக்குப் போனது.

அங்கே அடித்ததும் அவள் குரல் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

“ஒயரைக் கழட்டி இன்னொரு தடவை மாட்டு,” என்றாள்.

மாட்டினேன். மறுபடியும் அதே எண். இறங்கியிருந்தது. இன்னும் தள்ளி அடித்தோம், மேலும் இறங்கியது. நான் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். அவள் முன்கையில் மயிர் சிலிர்த்திருந்தது. நாங்கள் நின்ற கருங்கல், மரங்களும் விலங்குகளும் தோன்றுவதற்கு முன்பே உறைந்தது என்று படித்திருந்தோம். அதற்குள் எங்கோ கீழே ஒரு வெடிப்பு ஈரமாக இருந்துகொண்டு, எங்கள் ஜீப்பிலிருந்து போன மின்சாரத்துக்கு வழிவிட்டது.

கிளம்பும்போது சிஸ்டர் பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். “தண்ணி லாரி எப்பவும் தள்ளுனாதான் கிளம்பும். உங்களுக்கும் தள்ளணுமா சார்?” சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. தள்ள ஆசையாக நின்ற பெண்கள் ஏமாந்துபோய் ‘ச்சே’ என்றார்கள்.

போர் வண்டி வந்த அன்று நாங்களும் போனோம். காலை முழுக்க வெள்ளைப் புழுதி. முன்பு போட்ட இரண்டும் நின்ற ஆழத்தைத் தாண்டியாகிவிட்டது. போர்க்காரர் வாயில் கட்டிய துண்டை இறக்கி, “சுத்தக் கல்லு மேடம். இன்னும் போணுமா?” என்று கத்தினார்.

“போங்க,” என்றாள். அவள் கை என் சட்டையைப் பிடித்திருந்தது அவளுக்கே தெரியாது.

புழுதி சட்டென்று நின்றது. ஈரக் கட்டிகளாகச் சில வந்து விழுந்தன. பிறகு தண்ணீர், போர் வண்டியின் கம்பத்துக்கும் மேலே எழுந்து, சாம்பல் நிறமாக எங்கள் எல்லோர் மீதும் கொட்டியது. பெண்கள் கத்திய கத்தலில் கம்ப்ரஸர் சத்தமே கேட்கவில்லை. சிஸ்டரின் முக்காடு நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதை விலக்கவில்லை. வாரத்துக்கு ஒன்று இப்படிப் பார்க்கிற போர்க்காரரும் அண்ணாந்து நின்றார்.

என் மனைவி விலகாமல் அப்படியே நனைந்தாள். “இருந்துச்சு,” என்றாள். “நிஜமாவே அங்க இருந்துச்சு.”

தண்ணீர் தெளிந்ததும் சிஸ்டர் இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். “எவ்வளவு காலமா இது கீழ இருந்திருக்கும் சார்?”

“தெரியலையே சிஸ்டர்,” என்றேன். படித்தவன் சொல்ல வேண்டிய பதில் ஏதாவது இருந்திருக்கும். நானும் தண்ணீரில் கையை நீட்டினேன்.

சொட்டச்சொட்ட ஜீப்பில் ஏறினோம். வண்டலூரில் அந்தக் காய்ந்த ஏரிக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டும்போது, அவள் கையை நீட்டி டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தாள்.