ரோஸ்மேரி வீட்டில் மட்டும் காய்க்காத தக்காளி

என் தம்பி டக்ளஸுக்கு நாக்குதான் பிழைப்பு. அரவேணுப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் டீமேக்கர். கொதிக்கக் கொதிக்க டீயைக் கரண்டியில் எடுத்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டித் துப்பிவிட்டு, "சுமார்" என்பான். அதற்குத்தான் சம்பளம். நான் வைக்கும் ரசத்தையும் அப்படித்தான் உறிஞ்சுவான். துப்பினால் அடுத்த வேளை சோறு கிடையாது என்று சொல்லி வைத்திருந்ததால் விழுங்கித் தொலைப்பான்.

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. எப்படி ஆகும்? பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த டீயை உறிஞ்சிப் பார்த்து, "தூள் பழசுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவன். அன்றைக்கே உன்னைக் கை கழுவிவிட்டேன் என்று சொன்னேன். எங்கே கழுவுவது, கூடப் பிறந்தாயிற்றே.

அப்புறம் தேயிலை விலை படுத்தது. பச்சை இலையைக் கேட்க நாதியில்லை. பேக்டரியில் புகை வந்தால் ஊரே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. பறிக்காமல் விட்ட தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. ருசி பார்க்க ஒன்றுமில்லாமல் டக்ளஸ் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு நாள் நான் மேட்டுப்பாளையம் சந்தையில் வாங்கி வந்த நாட்டுத் தக்காளி ஒன்றைக் கடித்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா! என்ன ஒரு பிரிஸ்க்கு!"

முதல் தரமான டீயைத் தவிர வேறெதையும் அவன் அப்படிச் சொன்னதில்லை. மீதிப் பழத்தை எனக்குத் தரவில்லை. விதையைப் பிதுக்கிக் காய வைத்து, பால் கவர்களில் நாற்று விட்டான். ஒரே பழத்து விதை, நாலு வீட்டில் நாலு விதமாக வளரும், நாலு ருசி வரும், அதைப் பார்த்துவிட வேண்டும் என்றான். எங்கள் வீட்டுக்குச் சில நாற்று. பேக்டரியில் கூட வேலை செய்யும் வேலுசாமிக்கு, சோலூருக்குச் சில. ஸ்ரீமதுரையில் இருக்கும் லாரி டிரைவர் ரிஜோவுக்குச் சில. மிச்சமெல்லாம் எங்கள் வீட்டுக்குக் கீழே எஸ்டேட் லயன் வீட்டில் இருக்கும் ரோஸ்மேரிக்கு.

மிச்சம்தான் அதிகமாக இருந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

ரோஸ்மேரி தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்ததில் கல்யாண வயது கடந்துவிட்டது. அம்மாவும் போய், எஸ்டேட்டில் வேலையும் நின்றுபோன நேரம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவள் தம்பி அம்புரோஸ், கிளம்பி வா என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். "நட்ட செடி காய்க்கட்டும், பறிச்சுட்டு வந்தர்றேன்" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

டக்ளஸ் பஸ் ஏறி ஏறிப் போய்ப் பார்த்து வந்தான். சோலூரில் செடி வாட்டசாட்டமாக வளர்ந்தது, ஆனால் குளிரில் காய் சிவக்கவே மாட்டேன் என்றது. வேலுசாமி வீட்டில் பச்சையாகவே ஊறுகாய் போட்டுவிட்டார்கள். ஸ்ரீமதுரையில் மழை கொட்டியதில் பழம் ஊதி, வெடித்து, பாதி அழுகியது. மிச்சத்தை மீன் குழம்பில் போட்டதாக ரிஜோ சொன்னான். எங்கள் வீட்டில் சின்னதாக, கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்போடு கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

ரோஸ்மேரி வீட்டில் மட்டும் ஒரு பூ கூட இல்லை.

செடிக்கு நோய் ஒன்றும் கிடையாது. இடுப்பளவுக்குப் படர்ந்து, மேலே மட்டமாக, தட்டு வைத்தால் நிற்கும்போல இருந்தது. டக்ளஸ் மண்ணை முகர்ந்தான். சாணி கொண்டுபோய்ப் போட்டான். காலையில் போனான், சாயங்காலம் போனான். போனால் ரெண்டு பேரும் செடி ஓரத்தில் நின்று பேசுவார்கள், பேசுவார்கள், அப்படிப் பேசுவார்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கமாட்டான்.

"முதல் பழம் வரட்டும்க்கா. அதைக் கையில குடுத்துட்டுக் கேக்கறேன்."

"பழம் வந்தா அவ திருப்பூருக்குப் போயிருவாடா, மடையா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளைவிட்டால் இவன் உறிஞ்சலை யார் பொறுத்துக்கொள்வார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அம்புரோஸ் பஸ்ஸிலிருந்து இறங்கினான். அக்காவைக் கூட்டிப்போக வந்திருந்தான். நாங்களும் பின்னாலேயே லயனுக்குப் போனோம். டக்ளஸ் முகம் ஆறிப்போன டீ மாதிரி இருந்தது.

"எங்கெ, காய்ச்சிருச்சா?" என்று அம்புரோஸ் செடியைச் சுற்றி வந்தான். "மேல ஊட்டுல எல்லாம் காச்சுத் தொங்குது. இங்க மட்டும் என்னங்க?"

டக்ளஸ் பதில் சொல்ல ஆரம்பித்தான். மண் சூடு, பனி, காற்று என்று என்னென்னவோ அடுக்கினான். ரோஸ்மேரி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் அவள் கையைப் பார்த்தேன்.

அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. கிள்ளி, உள்ளங்கையில் சேர்த்து, நிறைந்ததும் தோளுக்குப் பின்னால், முதுகில் இல்லாத கூடைக்குள் வீச்சு. பின்னால் தரையெல்லாம் தக்காளிக் கொழுந்து.

"ஏ அக்கா, என்ன பண்றெ?" என்று அம்புரோஸ் கத்தினான்.

அவள் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் கொழுந்து. முகம் எங்கள் வீட்டுத் தக்காளியைவிடச் சிவந்தது.

"கை தானாப் போகுதுடா."

"எந்நேரமுமா?"

"இல்லடா..." குனிந்துகொண்டாள். "அவிய வந்து நின்னா மட்டுந்தான்."

அவிய! அதுவரை வாய் நிறைய "டீமேக்கருங்க, டீமேக்கருங்க" என்று கூப்பிட்டவள். கட்டினவனைச் சொல்கிற மாதிரி சொன்னாளே! நான் வாயைப் பொத்திக்கொண்டேன், சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

டக்ளஸ் அவள் விரலிலிருந்து அந்தக் கொழுந்தை எடுத்தான். வழக்கம்போல முகர்ந்தான். வாயில் போட்டு மென்றான். தக்காளி இலை எப்படி இருக்கும்? முகம் கோணியது. ஆனால் துப்பவில்லை, விழுங்கினான். பிறகு அம்புரோஸ் பக்கம் திரும்பினான்.

"இது காய்க்காதுங்க மச்சான்" என்றான்.

அம்புரோஸ் தன் பையை வாசலில் வைத்துவிட்டு, "டீ இருந்தாப் போடு அக்கா" என்றான். அவள் போட்ட டீ பழைய தூள். டக்ளஸ் சத்தமே இல்லாமல் குடித்தான்.

கல்யாணம் முடிந்து ரோஸ்மேரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கொல்லையில் அதே தக்காளிதான், ஒவ்வொரு வருஷமும் நடுகிறார்கள், ரெண்டு பேரும் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள். ரசத்துக்குத் தக்காளியை நான் கடையில்தான் வாங்குகிறேன்.