பனி காயாத மசால்

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கை தானாகப் போய்ப் பக்கத்துச் செடியில் ஒரு இலையைக் கிள்ளும். கசக்கி மோந்து பார்ப்பாள். முயல் தின்னுமா, தின்னாதா என்பதுதான் அவள் யோசனை. ஏழு வருஷமாக இதே பழக்கம். தெருவில் அவளுக்கு முயல்காரி என்றே பேர்.

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. வீட்டுக்குப் பின்னால் எட்டுக் கூண்டுகள், அவற்றை ஒட்டி நான்கு பாத்திகள். நான்கிலும் குதிரைமசால் என்கிற தீவனச் செடி. வெட்ட வெட்டத் தழைக்கும், முயல்களும் ஆசையாகத் தின்னும். ஆனால் அந்த மார்கழிப் பனியில், பால்குடி மறந்த குட்டிகள் ஏழு வயிறு உப்பிச் செத்துவிட்டன. மிச்சம் பதினொன்று.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் கூண்டுக்குமாக நடந்தாள். குட்டிகளின் வயிற்றைத் தடவினாள், வந்தாள், மறுபடி போய்த் தடவினாள். மசாலை எடுத்துவிட்டு வேறு எதைப் போடுவது? தட்டைப்பயறு போட்டால் சீக்கிரம் முற்றிவிடும். சவுண்டல் மரத்து இலை அதிகமானால் முயலுக்கு முடி கொட்டும். வேலிமசால்தான் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே விதையில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

கணவனின் தங்கை துணி உலர்த்த வந்தவள் நின்று பார்த்தாள்.

"நல்லா வளர்ந்த மசாலை ஏன் அண்ணி கொத்துறீங்க?"

"இதுதான் குட்டிங்களைக் கொல்லுது."

"அது முளைக்கிற வரைக்கும் இதுங்க என்னத்தத் திங்கும்? உங்க காலர் துணியையா?"

அவள் கொத்திக்கொண்டே போனாள். இரண்டு பாத்தி முடிந்தது.

"ஒண்ணு கவனிச்சீங்களா அண்ணி? ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட சாகல. எமனுக்கும் அன்னிக்கு லீவு போல."

மூன்றாம் பாத்தியில் ஓங்கிய மண்வெட்டி அப்படியே நின்றது.

மற்ற நாட்களில் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும் என்று ஐந்து மணிக்கே மசாலை வெட்டி, பனி சொட்டச் சொட்டக் கூண்டில் திணித்துவிட்டு ஓடுவாள். ஞாயிறு மட்டும் வெயில் ஏறிய பிறகு, சாவகாசமாக வெட்டுவாள்.

"நாந்தான்டி ஈரத்தோட போட்டுக் கொன்னிருக்கேன்," என்றாள் மெதுவாக. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள்.

இப்போது இரண்டு பாத்தியில் குதிரைமசால், இரண்டில் வேலிமசால். மாலையில் வெட்டி, கயிற்றுக் கட்டிலில் பரப்பி வாடவிட்டு, மறுநாள் காலையில் போடுகிறாள். பதினொரு குட்டிகளும் இருக்கின்றன. வேன் ஏறுவதற்கு முன் ஒவ்வொன்றின் வயிற்றையும் இரண்டு முறை தடவிப் பார்க்கிறாள்.