சகுந்தலா கொடுத்த டாக்டர் சீட்டு

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனி இருந்தது. லாரி டிரைவர் அப்பாசாமியின் மனைவி சகுந்தலா அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தாள். லைனில் அவள் கைவேகம் யாருக்கும் வராது.

2006-ல் பெண்கள் கழிப்பறை வாசலில் கார்டு தேய்க்கும் கருவியை மாட்டினார்கள். எதிர்ச்சுவரில் ஒரு கேமரா. எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார்கள். மூன்றாம் வாரம் கேன்டீன் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யார், எத்தனை தடவை, எத்தனை நிமிடம். முதல் பெயர் சகுந்தலா. ஒரே ஷிப்டில் நாலு தடவை, ஐம்பத்திரண்டு நிமிடம்.

சூப்பர்வைசர் ரவிச்சந்திரன் லைனில் எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டார். பேக்கிங் பக்கம் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாள். அப்படியானால் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார் அவர்.

கர்ப்பப்பையில் கட்டி. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று, வீட்டில்கூட மூச்சுவிடாமல் உதிரப்போக்கோடு நடமாடிக்கொண்டிருந்தாள். சீட்டை உறையில் வைத்து ஒட்டி, ஆபீஸில் ரோகிணி மேடத்திடம் கொடுத்தாள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ரோகிணியும் தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸில் பேக்கிங் ஆள் ஒருவன் அக்கறையாகத்தான் கேட்டான், ஆபரேஷன் எப்போது என்று. அந்த வாரமே லாரி ஸ்டாண்டு வரை சேதி போய்விட்டது. அப்பாசாமி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"ஊரே பேசுது. எங்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு மறைச்ச?"

அவள் தட்டை மறுபடி அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் ரோகிணியிடம் போய்ச் சீட்டைத் திருப்பிக் கேட்டாள்.

"அது பைலுக்குப் போயிடுச்சும்மா. இனிமே கம்பெனியோடது."

"சீட்டு கம்பெனிது. வயிறு யாருதும்மா?"

ரோகிணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். சகுந்தலா நேரே கேன்டீனுக்குப் போய், அந்த வாரத் தாளைப் போர்டிலிருந்து கிழித்து இரண்டாக்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. போர்டுக்கு மேலேயும் ஒரு கேமரா இருந்தது.

அடுத்த நாள் அவள் கார்டுக்குக் கேட் திறக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, அவள் தாளைக் கிழிக்கும் படத்தை இரண்டு தடவை போட்டுக் காட்டினார்கள். தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் கேஸ் இல்லை என்றார்கள். கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறியதும் வேறு கம்பெனி ஒன்றுக்கு வேலை கேட்டுப் போனாள். ஒயர் கட்டிக் காட்டச் சொன்னார்கள். கட்டினாள். திருப்திதான் என்றார்கள். எழுந்து உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்த ஆபீசர், கர்ப்பப்பை எடுத்த உடம்புக்கு நின்றபடி செய்யும் வேலை சரிப்படாது என்று அனுப்பிவிட்டார்.

அங்கே அவள் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை.