நாலு நாள் ஐஸ்

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பாலக்கரை வீட்டு மொட்டை மாடியில் என் வீட்டுக்காரர் சாக்பீஸால் ஒரு படகின் அறையை வரைந்தார். ஏழடி நீளம், ஐந்தடி அகலம். ஷார்ஜாவில் பதினைந்து வருஷம் அவரை மீன்பிடி வேலைக்கு வைத்திருந்த முதலாளி புதிதாக ஒரு சின்னப் படகு வாங்கி, அறையை எப்படி அமைப்பது என்பதை இவரிடமே விட்டிருந்தார். சர்க்கரை வந்து ஊர் திரும்பி, ஒரு வருஷமாக என் தம்பியின் செருப்புக் கடையில் உட்கார்ந்திருந்த மனுஷன். மறுபடி வேலைக்குக் கூப்பிட்டு முதலாளியின் போன் வந்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

ஒரே சிக்கல் இன்சுலின். கடலுக்குப் போனால் கரை திரும்ப நாலு நாள் ஆகும். படகில் ஃப்ரிட்ஜ் கிடையாது; மீனுக்கான ஐஸ் அறையை மருந்துக்காக அடிக்கடி திறக்கவும் முடியாது. ஐஸ் பெட்டி நாலு நாள் தாங்கினால்தான் அந்த வெயிலில் மருந்து கெடாது, அவரும் போக முடியும்.

நான் சாக்பீஸ் கோட்டுக்குள் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினேன். அரிசி பருப்பு படுக்கைக்கு அடியில். ஊறுகாய் பாட்டில் உருளாமல் இருக்க அலமாரி விளிம்பில் நாலு விரல் சட்டம். அவர் படுத்துப் பார்த்தால் நான் வைத்திருந்த குழம்புச் சட்டியில் தலை இடித்தது. சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் வைத்த வீடு அதுதான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

ப்ளைவுட்டும் தெர்மாகோலும் வைத்துப் பெட்டியைச் செய்தே பார்த்தார். பீரோ மாதிரி முன்பக்கம் கதவு. மார்க்கெட்டிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து வைத்து, தினமும் மூன்று வேளை திறந்து மூடினார். இரண்டாம் நாள் மத்தியானமே வெறும் தண்ணீர். தெர்மாகோலைத் தடிமனாக்கினார். அப்போதும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை.

என்ன தப்பு என்று எனக்குத் தெரியும். என்னைப் பெற்ற அத்தா திருவானைக்காவலில் குச்சி ஐஸ் விற்றவர். முன்னால் கதவு வைத்தால் திறக்கும்போதெல்லாம் குளிர் கீழே இறங்கிப் போய்விடும். மூடி மேலேதான் இருக்க வேண்டும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பொல்லாதவள்தான் நான். அவர் ஊரோடு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது தடவையும் ஐஸ் கரைந்த அன்று சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஈரத் துணியால் கோடுகளை அழித்துக்கொண்டிருந்தார். அலமாரி போய்விட்டது, படுக்கையும் பாதி போய்விட்டது. நாளைக்குக் கடைக்குச் சீக்கிரம் போகணும் என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. மூடியை மேலே வைக்கச் சொன்னேன்.

அடுத்து வைத்த கட்டி ஐந்தாம் நாள் காலையிலும் கையளவு மிச்சமிருந்தது. அவர் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“முன்னாடியே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

பெட்டியின் மூடியைச் சாத்தினார். அப்புறம், “வேணாம்னா சொல்லு, இருந்துடறேன்” என்றார்.

“மருந்த ஐஸ் மேல படாம ஒரு டப்பாவுல வைங்க. உறைஞ்சாலும் கெட்டுப்போயிடும்” என்றேன்.