சத்தம் போடுகிற சம்பந்தி

காரைக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பாண்டீஸ்வரனுக்குக் கோபம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் ஊருக்கு அவர் கோபக்காரர். எப்போதோ ஒருநாள் பஸ்ஸில், அரியக்குடிக்குப் பக்கத்தில், யாரோ காலை மிதித்துவிட “ஏய்” என்று அலறினார். அங்கே நிறுத்தாமல் போகவிருந்த டிரைவர் மிரண்டுபோய் பிரேக் போட்டார். இறங்க வேண்டிய பெண்கள் பாண்டீஸ்வரனைக் கும்பிடாத குறையாக இறங்கினார்கள். பட்டம் கட்ட நம் ஊருக்கு அது போதாதா?

பிறகு யார் எங்கே நியாயம் கேட்கப் போனாலும் அவரைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். மனிதர் பயத்தில் விழி பிதுங்க நிற்பார்; பார்க்க முறைப்பதுபோல இருக்கும். எதிராளி, “அண்ணன் கோவமா இருக்காக” என்று தானாகவே இறங்கி வந்துவிடுவார். நாளடைவில் அவரும் மீசையை முறுக்கப் பழகிக்கொண்டார்.

மகள் கீர்த்தியைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் அந்தப் பெயரே வினையாகிவிடுமோ என்று இருந்தது. மாப்பிள்ளை அவளுக்குப் பிடித்த பையன். பையன் வீட்டுத் திருப்பத்தூர்க்காரர்கள் மிரண்டு ஓடிவிடக் கூடாதே என்று மனைவி வீரலட்சுமி, “வாயத் தொறந்தீகன்னா பாத்துக்கங்க” என்று சொல்லிவைத்திருந்தாள். அவரும் பூனைபோல உட்கார்ந்திருந்தார்.

பையனின் அப்பா முத்தரசுவுக்கு முகம் வாடிவிட்டது.

“அதட்டுற ஆளுன்னு சொன்னாக. எங்க வகையறாவுல சத்தம் போட ஒரு ஆளு இல்ல. பங்காளி வாய்க்கால அடைச்சாலும் வணக்கம் சொல்லிட்டு வந்துருவோம். அதான் தேடி வந்தோம். நீங்களும் எங்கள மாதிரிதான் போல. சரி, யோசிச்சுச் சொல்றோம்.”

எழுந்துவிட்டார். கதவோரம் நின்ற கீர்த்தியின் முகம் சுண்டிப்போயிற்று. பாண்டீஸ்வரன் மனைவியைப் பார்த்தார். பேசுங்கள் என்பதுபோல் அவள் தலையசைத்தாள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு அதட்டினார்.

“உக்காருங்கய்யா. பலகாரத்தத் தொடாம எந்திரிச்சா என்ன அர்த்தம்? எம்மக ஒரு சொல்லு தாங்க மாட்டா. அங்குட்டு வந்தப்புறம் அவள யாராச்சும் ஒரு வார்த்த…”

நடிப்பாகத் தொடங்கியது பாதியில் நிஜமாகிவிட்டது. மகள் போகப்போகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

முத்தரசு நிம்மதியாக உட்கார்ந்து ஒரு பணியாரத்தை எடுத்தார். “இம்புட்டுக் கோவம் போதும் சம்பந்தி. நாள் பாத்துருவோம்.”

மறுநாள் டீக்கடையில் அதே பேச்சுதான். “நேத்து அண்ணனுக்கு வந்த கோவத்துல கண்ணெல்லாம் செவந்துருச்சாம்ல.”

பாண்டீஸ்வரன் மறுக்கவில்லை. அழுதேன் என்று சொன்னால் அந்த ஊரில் யார் நம்பப்போகிறார்கள்?